நீ விட்டுப்போன ஜீப்

மேல்பிரிவு,
புளத்கொகுபிட்டிய.
20.09.1998

அன்பு மகன் கஜேந்திரனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குவைத் வெயிலில் தலையிடி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். ஜீப்பும் சுகம். எப்படியும் நீ அதைத்தான் முதலில் தேடுவாய் என்று இங்கேயே எழுதிவிட்டேன். போன கடிதத்தில் அம்மா எப்படி என்று ஒரு வரி, ஜீப் எப்படி என்று ஒன்றரைப் பக்கம். நல்ல பிள்ளை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்து, தோட்டத்தில் ஏலம் போட்ட துரையின் பழைய ஜீப்பை வாங்கி, பத்துப் பேரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து என் மரவள்ளிப் பாத்திக்கு மேல் நிறுத்தினாயே, அன்றைக்கே சொன்னேன் இது வேண்டாம் என்று. நாலு சில்லும் இழுக்கிற வண்டிம்மா, எந்த மேட்டையும் ஏறும், அடுத்த வருஷம் வந்து நானே திருத்தி பஜாருக்கு ஹயர் ஓட்டுறேன் என்றாய். அடுத்த வருஷம் நீ வரவில்லை, கடிதம்தான் வந்தது, துருவைச் சுரண்டுங்கள், கியர்பொக்ஸைக் கழற்றுங்கள் என்று. அப்பா முதலில் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காமல்தான் இருந்தார். ரப்பர் பெக்டரி இஞ்சின் வேலையில் இருந்து பென்சன் வாங்கி வந்த மனுஷன் ஒரு நாள் சும்மா பொனட்டைத் திறந்து பார்த்தார், அவ்வளவுதான், அன்று உள்ளே விட்ட தலையை இன்னும் வெளியே எடுக்கவில்லை. என் அரிசி களைகிற சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி கார்புரேட்டரை ஊறப் போட்டிருக்கிறார். ஹோர்லிக்ஸ் போத்தல் எல்லாவற்றிலும் ஆணி, நட்டு. பிள்ளைக்காம்பராவில் முப்பது வருஷம் ஊரார் பிள்ளைகளை மேய்த்தேன், இப்போது வீட்டில் இந்தக் கிழட்டுப் பிள்ளையை மேய்க்கிறேன்.

இதெல்லாம் பழைய பாட்டு. இந்தக் கடிதத்தை எழுதுவது வேறு விஷயத்துக்கு. பதறாமல் முழுவதையும் படி, எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது.

நீ ஜீப்புக்குக் கரும்பச்சைதான் அழகு என்று எழுதினாய் அல்லவா, அப்பாவும் பெக்டரிக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை வாங்கி வந்து அடித்துவிட்டார். பெயின்ற் படக்கூடாது என்று நம்பர் பிளேட்டையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டார். சண்டை நடக்கிற இந்தக் காலத்தில், தமிழ் ஆட்கள் வீட்டு முற்றத்தில், நம்பர் இல்லாத பச்சை ஜீப். எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன். ஆமிக்காரன் வண்டி மாதிரி ஒன்றைப் பொருத்துகிறார்கள் என்று யாரோ பெட்டிஷன் போட்டிருக்கிறார்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சோறு இறக்குகிற நேரத்தில், ஒரு சார்ஜன்டும் இரண்டு பொலிஸ்காரர்களும் வந்தார்கள். அப்பா வண்டிக்குக் கீழே கிடந்தார், கால் மட்டும்தான் தெரிந்தது. எழும்பி வரச் சொல்லி, யாருடைய வண்டி, பதிவுப் புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். புத்தகம் எங்கே? நீதான் பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டிக்குள் போட்டுக் குவைத்துக்குக் கொண்டு போய்விட்டாயே! வண்டி இங்கே, புத்தகம் அங்கே. உனக்கு இந்தப் புத்தியை யார் கொடுத்தது?

அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். மேலில் சட்டைகூட இல்லை, நான் பின்னால் ஓடிப்போய்ச் சட்டையைக் கையில் கொடுத்தேன். பஜாரில் கராஜ் வைத்திருக்கும் மர்சூக் நானாவைக் கூட்டிக்கொண்டு நானும் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாவற்றையும் பேசிவிட்டேன், மகன் குவைத்தில், ஏலத்தில் வாங்கிய வண்டி, இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லை என்று. யாரும் அவரை அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. ஆனால் உள்ளே ஒரு மூலையில் அந்தக் கிரீஸ் கையோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அதைப் பார்த்தபோது, மகனே, உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பின்னேரம் கிராம சேவகர் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் விட்டார்கள். சனிக்கிழமைக்குள் வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கிற செசி நம்பரைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போவோம் என்று சொன்னார்கள். அப்பா வீட்டுக்கு வந்தார். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினார், திரும்பவும் கழுவினார்.

வண்டிக்கு அப்போது சில்லே இல்லை, நாலு மரக்குற்றியில் நின்றது. இழுத்துக்கொண்டே போகட்டும், தொலையட்டும் என்றேன். அப்பா கேட்கவில்லை. மறுநாள் விடியலிலேயே மர்சூக் நானா கராஜைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். சில்லு பூட்டினார்கள், பெற்றோல் குழாய் மாற்றினார்கள். பிரேக்கில் காற்றெடுக்க பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டுமாம், வேறு யார் இருக்கிறார்கள், என்னைத்தான் ஏற்றி உட்கார வைத்தார்கள். அமத்துங்க தங்கச்சி, நான் செல்லும் மட்டும் உட வாணாம் என்று மர்சூக் நானா சில்லுக்குப் பக்கத்தில் இருந்து கத்துகிறார், அவர் சொல்லும் வரை விடக்கூடாதாம், இந்த முழங்கால் வலியோடு விடிந்ததில் இருந்து மத்தியானம் வரை அமத்தினேன், விட்டேன், அமத்தினேன், விட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் இஞ்சின் பிடித்தது. கோழி எல்லாம் கூரைக்கு ஏறிவிட்டது. அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை, வேலை கிடந்தது.

சனிக்கிழமை நம்பர் பிளேட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். பொம்பிளை முன்னால் இருந்தால் பொலிஸ் சந்தேகப்படாது என்று மர்சூக் நானா சொன்னதால் நானும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினேன். தோட்டத்து ஒபிஸ் பெரிய கிளாக்கரையா ஏலம் போட்ட கடிதத்தின் கொப்பியைத் தேடிக் கொடுத்திருந்தார், அதை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஸ்டேஷனில் சார்ஜன்ட் மாத்தயா தானே குனிந்து செசியைத் துணியால் துடைத்து நம்பரைக் கடிதத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பச்சையை மாற்று, புத்தகத்தைச் சீக்கிரம் கொண்டுவா, இரண்டுதான் சொன்னார். பிறகு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருடைய தகப்பன் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு துரைக்கு இதே மாதிரி ஜீப்தான் ஓட்டினாராம். சிரித்துக்கொண்டே, எனக்குத் தருகிறாயா, நல்ல விலை தருகிறேன் என்று கேட்டார். என் குலதெய்வமே அந்த மனுஷன் வாயில் வந்து பேசியது போல இருந்தது. நான் அப்பாவின் காலை மிதித்தேன். நாலு நாளைக்கு முன்னால் அந்த ஸ்டேஷனிலேயே பேச்சில்லாமல் நின்றவர் நிமிர்ந்து நின்று, விக்குணன்ன நே மாத்தயா, புத்தாகே என்கிறார். விற்பதற்கு இல்லையாம், மகனுடையதாம்! சார்ஜன்டுக்குக் கோபம் வரவில்லை, அப்படியென்றால் மகனைச் சீக்கிரம் வரச் சொல்லு என்றார். எனக்குத்தான் கோபம், வீடு வரும் வரை இந்த மனுஷனோடு பேசவில்லை.

இப்போது வண்டிக்கு நீலம் அடித்தாயிற்று. சும்மா சொல்லக் கூடாது, மேட்டை நன்றாக ஏறுகிறது. ஆனால் கதவு இரண்டையும் மட்டும் அப்பா வண்டியில் பூட்டவில்லை. தட்டி நிமிர்த்தி, பெயின்ற் அடித்து, சாக்கில் சுற்றி என் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறார், காலையில் எழும்பும்போதெல்லாம் காலில் இடிக்கிறது. அரை மணி நேர வேலைதானே, பூட்டி முடியுங்களேன் என்று சண்டை பிடித்தேன். அதுக்கு அவர், அதை அவன் வந்து பூட்டட்டும் புள்ள, எல்லாத்தையும் நாமளே முடிச்சிட்டா அவன் எதுக்கு வரணும் என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் தேத்தண்ணி குடிக்காதே. வெள்ளிக்கிழமைகளில் உன் பெயரில் விளக்கு வைக்கிறேன், கந்தன் உனக்குத் துணையாக இருந்து ஒரு குறையும் வராமல் காப்பான். வண்டிப் புத்தகத்தை இந்தக் கடிதம் கண்டவுடன் பதிவுத் தபாலில் அனுப்பு. இல்லை, அனுப்ப வேண்டாம், கையில் கொண்டுவா.

உன் அம்மா,
அ. மருதாயி