கங்காணி சாப்பிடவில்லை

2017 ஜூன் 5, திங்கள்

கங்காணி இன்றும் பெலட் தீனியைத் தொடவில்லை. கிண்ணத்தை முகர்ந்து பார்த்தது, காலால் ஒதுக்கியது, பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கல்யாண வீட்டில் முன்வரிசைக் கதிரை கிடைக்காத சம்பந்தி கெட்டது போ.

ஒரு கினிப்பன்றிக்கு இப்படியொரு பெயரை வைத்தவள் என் மகள் வாணி. தோட்டத்துக் கங்காணி மாதிரி எந்நேரமும் கத்தி அதிகாரம் பண்ணுகிறதாம். வீட்டுக்காரருக்கு அந்தப் பெயரே ஆகாது. இவருக்கு அது எலி. “எலிக்குக் கடையில சாப்பாடு வாங்குற மொத குடும்பம் நாமதான்” என்பார்.

வாணி ஏப்ரலில் யோகராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கொழும்புக்குப் போனாள். வாடகை அறையில் பிராணிகள் கூடாதாம். கூட்டை என் குசினியில் வைத்து, “புல்லு மட்டும் பத்தாதும்மா. பெலட் கட்டாயம் குடுங்க, இல்லன்னா பல்லு முரசு வீங்கிரும்” என்றாள். பிறகு அப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். இவர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து மகளோடு பேச்சு இல்லை.

ஜூன் 8, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. புடவைக்கடையைப் பூட்டிவிட்டு நாள் முழுக்க இவர் வீட்டில். தண்டனை எனக்கு.

பையன் தெல்தோட்டையில் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், அவன் அப்பா இன்றைக்கும் அங்கே தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறார் — இதுதான் இவருடைய கோபம். “நாம டவுன் ஆக்கள். லயத்துல போயி சம்பந்தமா?” என்று இன்றும் ஆரம்பித்தார். பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டேன்.

ஐயா எங்கே பிறந்தார்? அரண்மனையிலா? அதே தெல்தோட்டையில், இரண்டு டிவிஷன் தள்ளி! கல்யாணத்துக்கு மறுநாளே, “கடைக்கு வாற ஆக்கள்ட்ட சொல்லிறாத” என்று என்னிடம் கேட்டுக்கொண்டவர். நானும் முப்பது வருடமாக வாயைத் திறக்கவில்லை. மகளிடம் கூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவருக்கு இல்லை.

ஜூன் 12, திங்கள்

பெலட்டை ஊறவைத்து வெள்ளரிக்காயோடு பிசைந்து கொடுத்தேன். வெள்ளரிக்காயை மட்டும் பொறுக்கித் தின்றது. மாநகர சபை வேலையில், வீட்டுக்குச் சோலைவரி கட்டாத எத்தனை பெரிய மனிதர்களை வழிக்குக் கொண்டுவந்தவள் நான். இதனிடம் முடியவில்லை.

மெலியவும் இல்லை. அதுதான் விளங்கவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

ஒன்று கவனித்தேன். முன்பு வாணி ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் எடுப்பாள், ஐந்து நிமிடம் பேசுவாள். கங்காணி பெலட்டை ஒதுக்கியதிலிருந்து தினமும் எடுக்கிறாள். “கங்காணி சாப்பிட்டுச்சாம்மா?” என்று தொடங்கி, அறை, வேலை, யோகராஜுக்குத் தடிமன், தும்மல் என்று எங்கெங்கோ போகிறது பேச்சு.

அந்த நேரம் இவர் டீவியில் செய்தி பார்க்கிறார். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கிறார். ஊமைச் செய்தி!

ஜூன் 15, வியாழன்

கீழ்வீட்டு ரபீகா நோன்புக் கஞ்சி கொண்டுவந்தவள், கதவடியில் நின்று குரலைத் தாழ்த்தினாள். “விடிய முந்தி சஹர் சாப்பாட்டுக்கு எழும்பக்கொள ஒங்கட ஊட்டுக்காரர கண்ட. பின் வளவுல புல்லு வெட்டிட்டு ஈக்கிறார். ஏதும் சொகமில்லயா?”

விடியுமுன் எழுந்து போவது தெரியும். நடக்கப் போவதாக அல்லவா சொன்னார்? டொக்டர் நடக்கச் சொன்னாராம்!

ஜூன் 16, வெள்ளி

குசினி ஜன்னலால் பார்த்தேன். சாரத்தை மடித்துக் கட்டி, குந்தியிருந்து, என்ன லாவகமாக வெட்டுகிறார். கையில் அவருடைய அப்பாவின் கவ்வாத்துக் கத்தி. அது இந்த வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. அலுமாரிக்கு மேல் எனக்கு எட்டாத இடமும் இருக்கிறதே. வெட்டிய புல்லை ஒரு பிடி புல்லாலேயே முறுக்கிக் கட்டி, உள்ளே வந்து கூட்டில் வைத்தார். வயிறு நிறையப் பச்சைப் புல் கிடைத்தால் எந்தக் கங்காணி பெலட் தின்னும்?

என்னைக் கண்டதும், “டெங்கு பரவுது. சுகாதாரப் பீ.எச்.ஐ. வந்தா வழக்குப் போட்டுருவான்” என்றார்.

“ஆமா, போட்டுருவான்” என்றேன்.

மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்துவார். நிறுத்தினால் அது பெலட் தின்னும். தின்றால் என் பிள்ளை மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடுவாள். தேவையா எனக்கு?

ஜூன் 20, செவ்வாய்

கெட்டது காரியம். வாணி இன்றைக்குச் சொல்கிறாள்: “அது சாப்பிடாட்டி ஒங்களுக்கும் கரைச்சல்தானேம்மா. பேராதனையில நம்ம கூட்டாளி பிள்ள ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கெழம வந்து எடுத்திட்டுப் போகும். இனி அது பாத்துக்கும்.”

கங்காணி போனால் இந்த வீட்டைப் பற்றிக் கேட்க அவளுக்கு என்ன இருக்கிறது? அப்பாவைக் கேட்பாளா? ஏன் கேக்கணும், இவரு மூஞ்சிய பேப்பர்ல மறைச்ச மனுசன்தானே!

போனை வைத்துவிட்டு, டீவிக்கும் கேட்கும்படி சொன்னேன்: “பெலட் திங்காட்டி ஞாயித்துக்கெழம ஆள் வந்து இதத் தூக்கிட்டுப் போகுதாம்.”

செய்தி முடிந்து விளம்பரம் ஓடியது. இவர் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 22, வியாழன்

குசினிக்குள் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் — புடவைக்கடை முதலாளி தரையில் சம்மணமிட்டிருக்கிறார். புல்லுக்குள் ஒரு பெலட்டை வைத்து, வெற்றிலை மடிப்பது போல மடித்து, கங்காணியின் வாய்க்கு நீட்டுகிறார். “தின்னு. நடிக்காத. பழக்கமில்லாட்டி பழகிக்க. நான் பழகல?”

எத்தனை காலத்துக்குப் பிறகு கேட்கிறேன் அந்தக் குரலை. சுத்தத் தோட்டத்துக் குரல். கங்காணி மென்றது.

இருமிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

ஜூன் 23, வெள்ளி

மாலை கிண்ணம் காலி. புல் இல்லாமல், மடிப்பு இல்லாமல், வெறும் பெலட்டை முழுதாகத் தின்றுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

வாணியின் போன் வந்தது. “சாப்பிட்டுச்சாம்மா?”

நான் வாயைத் திறக்குமுன் இவர் எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“கங்காணி சாப்பிடல்ல. ஆள் அனுப்ப வேணாம். நீயே வந்து பாரு.” பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, “அவரையும் கூட்டிட்டு வா.”

போனை என் கையில் திணித்துவிட்டுக் காலிக் கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனார். தன் சாப்பாட்டுக் கோப்பையை ஒருநாளும் கழுவாதவர். வாணி அழுதாள். நானும்தான்.

ஜூன் 26, திங்கள்

ரபீகா பெருநாள் வட்டிலப்பம் அனுப்பினாள். இனிப்பு ஆகாது என்கிறவர் முக்கால்வாசியைத் தின்றார்.

ஜூலை 1, சனி

நேற்று இரவே வந்துவிட்டார்கள். காலையில் எழுந்தால் வீட்டில் ஆண்கள் இல்லை. நானும் வாணியும் ஜன்னலால் பார்க்கிறோம்: பின் வளவில், கவ்வாத்துக் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று இவர் மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

அந்தப் பையன் அப்படியொரு கத்தியை ஆயுளில் கண்டதே இல்லை என்பது போலக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். பிழைத்துக்கொள்வான்.