துடைக்கிற அம்மாவுக்கும் லெயி

இன்று காலை கடலூர் பஸ் ஸ்டாண்டில் பையைத் துழாவியபோது உன் இயர்போன் கையோடு வந்தது. ஒரு காது உனக்கு, ஒரு காது எனக்கு. டியூட்டி முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், சிதம்பரம் கோச்சிங்குக்குப் போகிற வழியெல்லாம் இத்தாலியன் பாடம் கேட்போம். அந்த நாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தால்தான் வீடு நிமிரும் என்ற நிலை இருவருக்கும்.

கோச்சிங் சார் எல்லாவற்றையும் இங்கிலீஷ் வழியாகத்தான் சொல்வார். "தமிழ் மீடியமா? கஷ்டம்தான்" என்பார், முகத்துக்கு நேராக. 'நான்' என்கிற 'இயோ' இல்லாமல் வாக்கியத்தைத் தொடங்க விடமாட்டார். நீ பஸ்ஸில் சிரித்தாய். "வரேன்னு சொன்னா யாரு வர்றதுன்னு தெரியாதாடி? அவுங்களும் நம்ம மாதிரிதான். 'வெங்கோ'ன்னாலே முடிஞ்சிடுச்சு. எதுக்கு இயோ இயோன்னு கூவிக்கிட்டு?" அதன்பிறகு பாடம் சுலபமானது. இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு போவதை விட்டோம்.

மாதிரித் தேர்வில், வார்டு துடைக்கிற அம்மாவிடம் வாளியை நகர்த்தச் சொல்ல வேண்டும். நீ 'நீங்க' என்கிற 'லெயி' போட்டாய். "கிளீனருக்கு எதுக்கும்மா லெயி? 'தூ' போதும்" என்று சார் மார்க்கைக் குறைத்தார். 'நீ, வா, போ'வை இத்தாலி வரைக்கும் ஏற்றுமதி செய்கிறவர். நீ உட்காரவில்லை. "எங்கப்பாவ ஊரே வாடா போடான்னுச்சு சார். அத இன்னொரு பாஷையிலயும் நான் கத்துக்கணுமா?"

அந்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு. காய்ச்சலோடு உன்னை டியூட்டிக்கு வரச்சொன்ன ஆஸ்பத்திரி, கடைசியில் உன் சாவுக்குப் பெரிய மாலையோடு வந்தது. அந்த மாலையை நான் மன்னிக்கவில்லை.

போன வாரம் எனக்கு வீடியோவில் இன்டர்வியூ. கேள்வி கேட்ட இத்தாலிக்காரப் பெண்மணி துப்புரவுப் பணியாளராக நடித்தார். சார் சொன்னதுதான் சரியோ, வேலை கைவிட்டுப் போகுமோ என்று ஒரு நொடி பயம். லெயிதான் போட்டேன்.

"ஏன் தூ சொல்லவில்லை?" என்று கேட்டார்.

"இப்போதுதான் அறிமுகம். தூ சொல்லலாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்."

அவர் சிரித்துத் தலையாட்டினார். தேறிவிட்டேன்.

அடுத்த மாதம் கிளம்புகிறேன். அதுவரை இதே வார்டுதான். நேற்று சூப்பர்வைசர், துடைத்துக்கொண்டிருந்த அம்மாவை "ஏய், இங்க வா" என்றார்.

"அவுங்களுக்குப் பேரு இருக்கு சார்" என்றேன்.

"ஃபாரின் போறதுக்கு முன்னாடியே வாய் நீளுதே?"

நான் நகரவில்லை. இப்படி நிற்பது உன்னிடமிருந்து வந்தது. அவர் முறைத்துப் பார்த்தார். பிறகு, இத்தனை வருடம் தன் கீழே வேலை செய்கிற அந்த அம்மாவிடம், முதல்முறையாகப் பேர் கேட்டார்.