துக்க வீட்டில் கேட்கக்கூடாதது

சனியின் நிலவு டைட்டன், தெற்கு நிலையம். நாள் 10,302, காலை 08:10

காற்றழுத்தம் சரி. ஹீட்டர் சரி. வெளியே மூன்றாம் நாளாக மீத்தேன் மழை. வடக்குக் கூடத்தில் பிள்ளைகள் எட்டுப் பேரும் நலம். பிள்ளைகள் என்ன பிள்ளைகள், மூத்தவளுக்கே இருபத்தாறு. இங்கேயே பிறந்து, டாக்டரும் நானும் வளர்த்தவர்கள். பதிவு: மங்கையர்க்கரசி, இன்ஜினியர். இங்கே மிச்சமிருக்கும் ஒரே பூமிக்காரி.

நாள் 10,303, காலை 09:40

மூத்தவள் எழினி ரேடியோவில் வந்தாள். வெற்பன் தூக்கத்திலேயே போய்விட்டானாம். இருபத்திரண்டு வயசு. எப்படிடி என்று கேட்டுவிட்டேன்.  எழினி பதறினாள்:

"அத்தை, நீங்களே கேக்கலாமா?"

காலை 10:15

எழுதித்தான் ஆக வேண்டும். பதினாறு வருஷத்துக்கு முன் டாக்டர் இருதயராஜும் இப்படித்தான் தூக்கத்தில் போனார். அவர் அறை ஹீட்டர் குழாய்க்குச் சரியான வாஷர் இல்லாமல், கைக்கு வந்ததைப் போட்டது நான். விஷ வாயு கசிந்துவிட்டது. மாமா எப்படிச் செத்தார் என்று பிள்ளைகள் துளைத்தெடுத்தார்கள். துக்க வீட்டில் அப்படிக் கேட்கக்கூடாது, அது நம்ம வழக்கம் என்றேன். அடிப்பாவி! செருப்பைக் கழற்றும் முன்னே நம் ஊரில் கேட்கிற கேள்வி அது. இதுகளுக்கு எப்படித் தெரியும்? இதுகளுக்கு ஊர் என்றால் நான்தான்.

போன மாசம் வடக்குக் கூடத்து ஹீட்டர்களுக்கும் அதே பெட்டி வாஷர்தான் போனது. போடாதீர்கள் என்றால், ஏன் என்று கேட்பார்களே. பழுது அந்த ஒன்றில்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

காலை 11:00

எழினியைக் கூப்பிட்டேன். டாக்டரைக் கொன்றது நான்தான், அவர் எப்படிச் செத்தார் என்றால், என்று ஆரம்பித்தேன்.

"துக்க வீட்டுல இந்தப் பேச்சு வேண்டாம் அத்தை. மனசு தெளிஞ்சதும் பேசலாம்."

எழினி ரேடியோவை அணைத்துவிட்டாள். முதலில் ஹீட்டரை அணைக்கச் சொல்லியிருக்க வேண்டும். என் பாவத்தை இறக்கி வைக்கிற அவசரம் எனக்கு. நாற்பது தடவை கூப்பிட்டாயிற்று. பதில் இல்லை. செய்தி பதியும் வசதி இங்கே மட்டும்தான்.

நாள் 10,304, மாலை 16:20

ரோவர் வண்டியில் வடக்குக் கூடத்துக்குக் கிளம்பினேன். வழியில் மீத்தேன் ஆறு கரை புரண்டு ஓடுகிறது. தாண்ட முடியவில்லை. திரும்பி வந்தால் ஒரு செய்தி பதிவாகியிருந்தது. கடைக்குட்டி நறுமுகையின் குரல்.

"அத்தை, எழினி அக்காவும் போயிட்டா. நீங்க கவலைப்படாதீங்க. யாரும் எப்படின்னு கேக்கல. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே எல்லாம் செஞ்சோம்."

அழவில்லை அவள். ஒழுங்காகச் செய்துவிட்ட பெருமைதான் குரலில்.

16:50

எடுக்கவில்லை.

இரவு 21:00

எடுக்கவில்லை. அங்கே படுக்கிற நேரம் ஆகிறது. ஹீட்டரைப் போடுவார்கள். இன்னும் ஆறு பேர்