ஆளில்லாத அணி

நல்லூர், திருப்பூர்
வியாழக்கிழமை

தம்பி ஜெபக்குமாருக்கு,

போதுமான அளவு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நீ சென்னைக்குப் போன நாளிலிருந்து உன்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. அன்புள்ள என்று தொடங்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் கடைசி வரை படி. இது உன் தங்கை பிரியங்காவைப் பற்றிய கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய், நேற்றும் முயன்று பார்த்தேன். கம்பெனி மெயிலில் இதை எழுத எனக்குத் துணிவில்லை. ஸ்பீட் போஸ்ட் என்றால் அனுப்புகிறவரின் பெயரையும் எண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அதுவும் வேண்டாம். சாதாரண உறையில் ஸ்டாம்ப் ஒட்டி, இன்று மாலைத் தபால் கட்டு எடுப்பதற்குள் பெட்டியில் போட்டால் சனிக்கிழமை சென்னையில் கிடைக்கும் என்று தபால்காரர் சொன்னார். நமக்கு ஞாயிறு வரைக்கும்தான் நேரம்.

முதலில் ஒன்றை எழுதிவைக்கிறேன். உன் புது ஆபீஸில் அந்த ஆட்ட வித்தையை உன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி நம் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த ஊர் ரசிகர்கள் போடும் டீ-ஷர்ட் ஆர்டர் நம் கம்பெனிக்கு வந்தது. முதுகில் வீரனின் பெயரும் எண்ணும். ஒருவன் அணி மாறினால் இங்கே நம் பிரிண்டிங்கில் ஸ்கிரீன் மாறும், ஒருவனுக்குக் கால் உடைந்தால் இங்கே பாதி ஆர்டர் நிற்கும். அப்படித்தான் கற்றுக்கொண்டோம். நம்மிடம் துணி வாங்கும் பையர் ஆபீஸ்காரர்கள் தங்களுக்குள் ஃபேன்டசி ஆட்டம் ஆடினார்கள். நிஜ வீரர்களை எடுத்துக் கற்பனையாக ஓர் அணி சேர்ப்பது, அவர்கள் மைதானத்தில் செய்வதற்கு நாம் புள்ளி வாங்குவது. ஓர் இடம் காலி என்று விளையாட்டாக உன்னைக் கூப்பிட்டார்கள். நீ என்னிடம் வந்தாய்.

எல்லோரும் பெயரைப் பார்த்து எடுப்பார்கள் என்று உனக்குச் சொன்னது நான். ரிசீவர் என்பவன் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவன். அவன் எத்தனை பிடித்தான் என்று பார்க்காதே, எத்தனை முறை அவனை நோக்கி வீசினார்கள் என்று பார் என்றேன். பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டுகிற டச்டவுன் வெறும் அதிர்ஷ்டம், இந்த வருடம் வந்தது அடுத்த வருடம் வராது. பந்து ஒருவனை நோக்கித் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அது அந்த அணி அவன்மேல் வைத்த நம்பிக்கை. வீசுகிறவன் சரியில்லாததால் மட்டமாகத் தெரிகிறவனை, வீசுகிறவன் மாறுகிற வருடத்தில் மலிவாக எடுக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னேன். முதல் ரிசீவருக்கு வயதாகித் தொடைத் தசை பிடிக்க ஆரம்பித்திருந்தால், அவனுக்குப் பின்னால் நிற்கிறவனை இப்போதே எடுத்துவை. முதல் ஆள் விழுந்த பிறகு எல்லோரும் ஓடி வருவார்கள். விழுவதற்கு முன்னால் எடுப்பதுதான் திறமை.

அந்தக் கடைசி வாக்கியம் என்னுடையது.

அந்த வருடம் யாரும் சீண்டாத ரிசீவர்களை வைத்து நாம் ஜெயித்தோம். பாராட்டுக் கடிதம் உன் பெயருக்கு வந்தது, பிறகு சென்னையில் அவர்களிடம் வேலையும் வந்தது. நான் அதே மேஜையில் இருக்கிறேன். சரி, விடு.

போவதற்கு முன்னால், நம் தையல் ஃப்ளோரிலும் இதை ஆடலாம் என்றவன் நீதான். வெட்டின துணிப் பண்டலை வீசுகிறோம், டெய்லர்கள் பிடிக்கிறார்கள், அவர்களும் ரிசீவர்கள்தானே சார் என்றாய். ஆபீஸில் எல்லோரும் சிரித்தோம். முதலாளி தங்கராஜின் மகள் யாழினி கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சும்மா இருந்த நேரம், ஓர் ஆப் செய்து கொடுத்தாள். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் மாட்டியிருக்கும் டேப்லெட்டிலிருந்து பீஸ் கணக்கு நேராக அதற்குள் போகும். டெய்லர், அயர்ன்காரர், லைன் சூப்பர்வைசர், ஃப்ளோர் இன்சார்ஜ் எல்லோருக்கும் பெயருக்கு எதிரே ஒரு மதிப்பு. புதன்கிழமை ஆள் மாற்றலாம், திங்கட்கிழமை புது வாரம். ஆபீஸில் ஆடுகிற நாங்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டோம். அப்படித்தான் விதி வைத்தோம். கீழே யாருக்கும் இது தெரியாது.

நீ போனதும் உன் அணி அப்படியே கிடந்தது. முத்துநகர் என்று நீ வைத்த பெயர், கறுப்புக் கண்ணாடி போட்ட உன் படம். யாழினி அதைப் பூட்டிவிட்டாள்.

இந்த ஆடியில் அது ஆடத் தொடங்கியது.

ஒரு புதன்கிழமை மதியம் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் எடுக்கிற வரைக்கும் ஃப்ளோர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மெஷின்கள் ஒரே நேரத்தில் நின்று, மின்விசிறிகள் மட்டும் சுற்றி ஓய்கிற அந்தச் சத்தம். அப்போது என் போன் அதிர்ந்தது. முத்துநகர், ஓவர்லாக் மெஷின் பாண்டியம்மாளை விடுவித்து அனுசுயாவை எடுத்திருந்தது. பாண்டியம்மாள் நம்முடைய முதல்தரமான டெய்லர், எல்லா அணியும் விரும்புகிறவள். அனுசுயா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த புதுப் பெண். உனக்குப் புத்தி கெட்டுவிட்டது, சென்னையில் இருந்தபடி ஏதோ குறுக்கு வழியில் நுழைந்து ஆடுகிறாய் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். மறுநாளிலிருந்து பாண்டியம்மாளுடைய டேப்லெட்டில் எண் ஏறவில்லை. அவள் தைத்துக்கொண்டுதான் இருந்தாள். பண்டல் கொடுக்கிறவர் அவளைத் தாண்டிப் போய் அனுசுயாவிடம் வைத்தார். ஏன் என்று கேட்டேன். விழித்தார், அங்கே ஆள் இல்லை என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் அவளோடு எப்போதும் உட்காருகிற பெண்கள் அவளை விட்டுவிட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சண்டையா என்றால் இல்லை என்றார்கள். கூப்பிட மறந்துவிட்டதாம். திங்கட்கிழமை காலையில் ஊசி அவள் விரலுக்குள் இறங்கி எலும்பில் முறிந்தது. இன்னும் அவள் வேலைக்கு வரவில்லை. அனுசுயாதான் இப்போது அந்த லைனின் முதல் ஆள்.

இரண்டாவது, அயர்ன் மேஜை கிட்டுசாமி. அதே மாதிரி ஒரு புதன், அதே மாதிரி கரண்ட் போன இடைவெளியில் முத்துநகர் அவரை விடுவித்தது. மறுநாள் வருகைக்கு விரல் வைக்கிற மெஷின் அவர் விரலை ஏற்கவில்லை. கையில் எண்ணெய் இருக்கும் என்றார்கள். டீ கொண்டு வருகிற மயிலாள் அக்கா அவர் மேஜையைத் தாண்டிப் போனார், அவரே கூப்பிட்டு வாங்கிக் குடித்தார். "ஏனுங்க, என்னைய ஆருக்கும் தெரியலீங்களா?" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார். நானும் சிரித்தேன். திங்கட்கிழமை ஸ்டீம் குழாய் பிய்த்துக்கொண்டது. முகத்தின் ஒரு பக்கமும் கழுத்தும் வெந்துபோயிற்று.

யாழினியிடம் போனேன். அவள் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். "அங்கிள், அந்த டீம் லாக்லதாங்க இருக்குது. நீங்க விடுவிச்சதுன்னு சொல்றது இதுல எங்கயுமே இல்லீங்க" என்றாள். என் போனைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் அந்த ஆப்பை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். மற்றவர்கள் போனிலிருந்து போய்விட்டது. என் போனில் இருக்கிறது. அழித்தால் புதன்கிழமை திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்போதும் அது நீதான் என்றே இருந்தேன், தம்பி. உன் குணத்துக்குப் பொருந்தியது. நான் சொல்லிக் கொடுத்த வித்தையை வைத்து எனக்கே வேடிக்கை காட்டுகிறாய் என்று பல்லைக் கடித்தேன். நேற்றுதான் நீ இல்லை என்று தெரிந்தது. நேற்று அது விடுவித்தது, உன் அணியில் இருந்த பிரியங்காவை. நீ எப்படிப்பட்டவனாக இருந்தாலும் அவளை விடமாட்டாய்.

அவளைப் பற்றி நான் மறைக்க விரும்பவில்லை. ஃப்ளோர் இன்சார்ஜ் பதவி எனக்கு வரவேண்டியது. தங்கராஜ் எனக்குப் பங்காளி, பி.டெக்கில் ஒரே வகுப்பு. கம்பெனி தொடங்கின நாளிலிருந்து கூட இருக்கிறேன். பொங்கல் கழிந்து வந்து அந்த நாற்காலியில் உன் தங்கையை உட்கார வைத்தான். அவள் கெட்டிக்காரிதான். அதனால் என் வருத்தம் குறைந்துவிடவில்லை. அவளிடம் வேலைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசாமலே இத்தனை மாதம் ஓட்டினேன்.

அவளுக்குப் பதிலாக யாரை எடுத்தது என்று சொல்ல வேண்டும். பட்டியலில் இருக்கவே கூடாத ஒரு பெயர். என் பெயர். எதிரே ஆகக் குறைந்த மதிப்பு. பக்கத்தில் மேல் நோக்கி ஒரு சின்னப் பச்சை அம்பு.

அதைப் பார்த்ததும் நான் பயந்திருக்க வேண்டும். பயந்தேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வயதிலாவது ஒருவர் என்னைக் கண்டுபிடித்து எடுத்தாரே என்று. ஜெனரேட்டர் எடுத்து விளக்கெல்லாம் எரிந்தபோது நான் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மயிலாள் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை கேட்டுக்கு வெளியே பிரியங்கா நின்றாள். காவலாளி எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டு, அவள் வரும்போது கதவைச் சாத்தினார். தட்டினாள், திறந்தார், மன்னிப்புக் கேட்டார். விரல் மெஷின் அவளை ஏற்கவில்லை. காலை மீட்டிங்கில் அவள் பேச ஆரம்பித்த பிறகு இரண்டு சூப்பர்வைசர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளை மதிக்காமல் இல்லை. அவள் குரல் அவர்கள் காதில் விழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, இன்று எந்த ஸ்டைல் ஏற்றுவது சார் என்று கேட்டார்கள். டீ முதலில் எனக்கு வந்தது. பண்டல் என் பக்கம் வர ஆரம்பித்துவிட்டது.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சார், எங்க அண்ணன் மேல உள்ள கோவத்த என்கிட்ட காட்டாதீங்க. திங்கக்கெழம ஷிப்மெண்ட் இருக்கு, நான் வராம முடியாது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். தங்கராஜிடம் போனேன். அவன் முழுவதும்கூடக் கேட்கவில்லை. "அந்தப் புள்ள வந்த நாள்லருந்து உனக்கு வயிறு எரியுதப்பா. ரெண்டு நாள் ஊட்டுல இரு" என்றான். நான் யார் மேலும் வன்மம் வைக்காத மனிதனாக இருந்திருந்தால் இன்று என் பேச்சுக்கு ஒரு விலை இருந்திருக்கும். இத்தனை வருடம் நான் பேசிய பேச்செல்லாம் சேர்ந்துகொண்டு, உண்மையைச் சொல்கிற அன்றைக்கு என் வாயை அடைக்கிறது.

உன் பேச்சை அவள் கேட்பாள். சனிக்கிழமை இது கையில் கிடைத்ததும் அவளைக் கூப்பிடு. அம்மாவுக்கு நெஞ்சு வலி என்று சொல், எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம் என்று சொல், எதையாவது சொல். ஞாயிறு இரவு அவள் திருப்பூரில் இருக்கக் கூடாது. திங்கட்கிழமை அவள் இந்தக் கட்டடத்துக்குள் வராமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும். நான் சொன்னதாகச் சொல்லாதே, கிளம்ப மாட்டாள்.

அவள் போனாலும் அந்த நாற்காலியில் நான் உட்காரமாட்டேன் என்று இங்கே எழுத நினைத்தேன். பேனா அந்த இடத்தில் நிற்கிறது. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். என்னை நம்பி அவளை இங்கே விட்டுவைக்காதே.

உன் மேல் எனக்கு இருப்பது அப்படியே இருக்கிறது, அது தீரவில்லை, தீராது. அது உனக்கும் எனக்கும் இருக்கட்டும். அந்தப் பெண் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நாலு பேர் அவளுக்கு எப்போதும் இருக்கட்டும்.

முடிவில் பெயர் எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். கையெழுத்தைப் பார்த்தே யார் என்று உனக்குத் தெரியும். என் பெயர் இப்போது இன்னொருவர் பட்டியலில் இருக்கிறது, அதை நானே இன்னொரு முறை எழுத மாட்டேன். இப்படியே, கீழே ஒன்றும் போடாமல் மடித்து ஒட்டி, கட்டு எடுக்க வருவதற்குள் பெட்டியில் போடப் போகிறேன்.