முந்திரி உடைத்த கைகள்

சித்தி,

இன்று வகுப்பில் ஒருத்திக்குப் பிறந்தநாள். ஆளுக்கொரு துண்டு இனிப்பு கொடுத்தாள். மேலே வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. அதன் பெயரைக் கேட்கத் தேவையிருக்கவில்லை, நெய்க்குப் பின்னால் முந்திரி வாசனை வந்துவிட்டது. வாயில் போடாமல் மோந்து பார்த்ததற்குப் பக்கத்திலிருந்தவள், "போலீஸ் நாயிடி நீ" என்றாள். எனக்கு அது ஒன்றும் செய்யாது என்பதால் சாப்பிட்டேன். பிறகு குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்போது உன் கைகள் ஞாபகம் வந்தன.

மீன்சுருட்டியில் நம் தெருப் பெண்கள் பலருக்கும் முந்திரி உடைக்கிற வேலைதான். ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டு உன் விரல்கள் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். அந்தக் கையைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள்.

தம்பி தவழ ஆரம்பித்திருந்த சமயம். அம்மா முதல்முறையாகச் சத்துமாவு அரைத்துக் கஞ்சி காய்ச்சியிருந்தாள். நீதான் மடியில் வைத்து ஊட்டினாய். கொஞ்ச நேரத்தில் அவன் உதடு வீங்கியது, கன்னத்திலும் வயிற்றிலும் சிவப்பாகத் தடித்தது. அம்மா அவனை உன்னிடமிருந்து பிடுங்கினாள். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை முடிந்து வந்த அப்பா உன் விரல்களைப் பார்த்துவிட்டு, ஓட்டுப் பால் பட்டிருக்கும் என்றார். கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் தூக்கினேன் என்று நீ சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

"என் கையப் பாக்குறீங்களே மாமா, உங்க சட்டைய உதறுனா ஒரு மூட்டை சிமெண்ட் வருமே, அத யாரு பாக்குறது?" என்றாய். அப்பா சட்டையைக் கழற்றிக் கொல்லையில் போட்டார். ஆனாலும் மறுநாளிலிருந்து நீ வாசலோடு நிறுத்தப்பட்டாய். தம்பி உன்னைப் பார்த்துக் கையை நீட்டி அழுவான். நீ உன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாய்.

தடிப்பு மறைந்ததும், கிண்ணத்தையும் கரண்டியையும் வெந்நீரில் அலசி, அம்மாவே அதே கஞ்சியை ஊட்டினாள். இந்த முறை அவன் வாந்தி எடுத்தான், மூச்சில் விசில் சத்தம் கேட்டது. ஆட்டோவில் ஜெயங்கொண்டத்துக்கு ஓடினோம். யாரும் கூப்பிடாமலே நீயும் ஏறிக்கொண்டாய்.

ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு, மாவில் என்னவெல்லாம் சேர்த்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, ஏலக்காய் என்று அம்மா அடுக்கினாள். வேறு ஏதாவது என்று கேட்டதற்கு, இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. நம் வீட்டில் உப்பைப் போல எல்லாவற்றிலும் விழுகிற பொருளை அவளுக்குத் தனியாகச் சொல்லத் தோன்றவில்லை.

கதவோரம் நின்றிருந்த நீதான், "முந்திரியச் சொல்லுக்கா" என்றாய்.

சோதனையிலும் அதுதான் வந்தது. இனி வீட்டில் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது, பிஸ்தாவும் வேண்டாம், தெரியாமல் சாப்பிட்டு மூச்சு இழுத்தால் ஒரு நிமிடமும் காத்திராமல் தூக்கிவர வேண்டும் என்றார் டாக்டரம்மா. இனி அரிசிக் கஞ்சி மட்டும்தான் என்று அம்மா அழுதபோது அதையும் தடுத்தார். அவன் ஏற்கனவே சாப்பிட்டு ஒத்துக்கொண்ட முட்டையையும் வேர்க்கடலையையும் நிறுத்தாதீர்கள், பயந்துகொண்டு தள்ளிப்போட்டால் அவையும் பிறகு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்றார். புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒவ்வொன்றாக, கொஞ்சமாக, பகலில் கொடுக்கச் சொன்னார். பத்துப் பொருளை ஒன்றாக அரைத்துக் கொடுத்தால் எதைப் பிடிப்பது என்று அவர் கேட்டது எனக்குத் துப்பறியும் கதை போல இருந்தது.

அம்மா உன்னிடம் மன்னிப்புக் கேட்டாளா? இப்போது கேட்டால், "கேக்காமலா இருந்துருப்பேன்?" என்கிறாள். கேள்வியாக வரும் பதிலை நான் நம்புவதில்லை.

உன் கை குற்றவாளி இல்லை என்று தெரிந்த பிறகும் நீ அதைச் சும்மா விடவில்லை. உடைக்கிற கையில் பருப்புத் தூளும் ஒட்டியிருக்குமே என்றாய். கொல்லைப் பக்கமாக வந்து, கழுவி, சேலை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவாய். பக்கத்து வீட்டுக் கேசரி, கோயில் பொங்கல், கடை பிஸ்கட் எதையும் நம்ப மாட்டாய். முந்திரி போடவில்லை என்று அவர்கள் சொன்னாலும் எந்தக் கரண்டியால் கிளறினீர்கள் என்று கேட்பாய். தெருவில் உன்னை இன்ஸ்பெக்டர் என்றார்கள். தம்பி முன் குனிந்து இரண்டு கையையும் நீட்டி, "நல்லாப் பாருடா. உள்ள வரலாமா, வேணாமா?" என்பாய். அவன் டிக்கெட் பார்க்கிற கண்டக்டர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவான்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் போட்டோவைக் காட்டி யார் என்று கேட்டால் தம்பி என் முகத்தைப் பார்க்கிறான். உன்னை அவனுக்கு ஞாபகம் இல்லை என்று அம்மா சொல்கிறாள்.

இன்று சாயங்காலம் பை தோளில் தொங்க நான் உள்ளே நுழைந்தேன். அவன் ஓடி வந்து, என்னைக் கட்டிக்கொள்வதற்கு ஒரு அடி முன்னால் நின்றான்.

"கையக் காட்டு" என்றான்.

பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன்.