பூரண குணம் என்று எழுதப்பட்ட என் இடது கால் குறித்து

அனுப்புநர்
ச. ஞானமேரி (வயது 33),
க/பெ. சவரிராயன்,
சத்துணவு அமைப்பாளர்,
சின்னப்பன் கொட்டாய்,
கடத்தூர் வழி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: கால் எலும்பு அறுவைக்குப் பின் சீழ் பிடித்தது – குணமானதாகப் பதிவு செய்து அனுப்பியது – மறு அறுவை செய்ய மறுப்பது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு நான் அனுப்பிய 12.1.87, 2.2.87 நாளிட்ட மனுக்கள் (இரண்டுக்கும் பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த 11.8.86 திங்கட்கிழமை, சத்துணவு மையத்தின் மாத அறிக்கையைக் கொடுப்பதற்காகக் கடத்தூர் சென்றேன். பேருந்திலிருந்து நான் இறங்கி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. விழுந்ததில் இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. ஒன்று தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. அன்று பிற்பகலே அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டேன். அதன் பெயரையும் என் உள்நோயாளி எண்ணையும் தனித்தாளில் தந்துள்ளேன்.

2. மூன்றாம் நாள் அறுவை செய்து, எலும்பில் பிளேட் வைத்து ஆறு ஸ்குருக்கள் முடுக்கினார்கள். அன்றைக்கு அந்த டாக்டர் என்னைக் கவனத்தோடுதான் பார்த்தார். அதை நான் மறுக்கவில்லை. என் புகார் அதற்குப் பின் நடந்தவை பற்றியது.

3. ஐந்தாம் நாள் குளிர்க்காய்ச்சல் வந்தது. கட்டுக்குள்ளிருந்து துர்நாற்றம் அடித்தது. நர்ஸம்மாவிடம் சொன்னேன். “புண்ணுன்னா வாசம் இருக்கத்தாம்மா செய்யும்” என்றார்கள். வார்டில் வேலை பார்த்த மாதம்மாள் என்பவர்தான், “டாக்டரு வரும்போது நீங்களே கட்டை அவுத்துக் காட்டிருங்க. நான் சொன்னா எடுபடாதுங்க” என்று காதோரம் சொன்னார். அப்படியே செய்தேன். கட்டைப் பிரித்தது யார் என்று விசாரணை நடந்தது. சீழ் எங்கிருந்து வருகிறது என்று யாரும் விசாரிக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் “பூரண குணம்” என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசல்வரை என் கணவர் என்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்.

4. அதன்பின் ஏழு முறை அதே மருத்துவமனைக்குப் போனேன். ஏழு முறையும் மாத்திரை கொடுத்தார்கள். அறுவை செய்த டாக்டர் மாறுதலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் பழைய எக்ஸ்ரேயைக் கேட்டார். பதிவறையில் போய்க் கேட்டால், அது நோயாளியிடமே கொடுக்கப்பட்டது என்கிறார்கள். என்னிடம் கொடுக்கவில்லை என்று எழுதித் தந்தேன். அந்தக் கடிதத்தையும் இப்போது காணவில்லை.

5. 27.1.87 காலை என் கணவர் உப்புப் போட்ட வெந்நீரால் புண்ணைக் கழுவும்போது, “மேரி, என்னமோ கல்லு மாதிரி தட்டுது பாரு” என்றார். அது கல் அல்ல, ஸ்குரு. இழுக்காமல் தானே அவர் கையில் வந்து விழுந்தது. முறிந்த அன்றுகூட அழாதவள், அன்று அழுதேன். அவரும் திண்டாடிப் போய், கழுவிய தண்ணீர்ச் சட்டியைக் கொட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

6. மறுநாள் அந்த ஸ்குருவை வெள்ளைத் துணியில் முடிந்து வெளிநோயாளிப் பிரிவுக்குக் கொண்டு சென்றேன். பணியிலிருந்த டாக்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது ஒன் கால்லேர்ந்துதான் வந்துச்சுன்னு என்னம்மா அத்தாட்சி?” என்று கேட்டார். புண்ணைத் திறந்து காட்டினேன். குணமானவர் என்று பதிவாகியிருப்பதால் மறுபடி வார்டில் சேர்க்க முடியாது என்று கூறிவிட்டார். அந்த ஸ்குருவை இம்மனுவுடன் இணைக்கவில்லை. அதுவும் தொலைந்துபோனால் என்னிடம் வேறு சான்று இல்லை. தாங்கள் அழைக்கும் நாளில் நேரில் கொண்டு வருவேன்.

7. இதற்கிடையே, பூரண குணம் என்று சான்று இருப்பதால் விடுப்பை நீட்டிக்க வழியில்லை என்று ஒன்றிய அலுவலகத்தில் தெரிவித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காகிதம் அப்படித்தான் சொல்கிறது. கோல் ஊன்றி வேலைக்குப் போனேன். நான்காம் நாள் சோற்றுக் குண்டானுக்கு அருகே கால் மடங்கி விழுந்தேன். நல்லவேளையாகக் குண்டானை அடுப்பிலிருந்து முன்பே இறக்கிவைத்திருந்தார்கள். என்னால் மற்றவர்களுக்கு ஆபத்து நேரக்கூடாது என்று அன்றோடு நானே நின்றுகொண்டேன்.

8. 8.3.87 அன்று நல்லம்பள்ளியில் நடந்த எலும்பு சிகிச்சை முகாமுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த டாக்டர் புதிதாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு சேரவேயில்லை, உள்ளே ஒரு துண்டு செத்துப் போயிருக்கிறது, பிளேட்டை எடுத்துவிட்டு அந்தத் துண்டையும் நீக்கினால்தான் சீழ் நிற்கும், பிறகுதான் எலும்பைச் சேர்க்க முயற்சி செய்யலாம் என்று விளக்கினார். “ஏழு மாசமா யாரும் இதை உங்களுக்குச் சொல்லலியாம்மா?” என்றும் கேட்டார். இல்லை என்றேன். ஒரு மாதத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் காலை எடுக்க நேரிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் நகலை இணைத்துள்ளேன்.

9. ஐயா, எலும்பு அறுவையில் சில நேரம் சீழ் பிடிப்பது உண்டு என்றும், அது எல்லாச் சமயமும் டாக்டரின் தவறு அல்ல என்றும் அதே டாக்டர் சொன்னார். ஏற்றுக்கொள்கிறேன். சீழ் பிடித்ததற்காக நான் யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. பிடித்ததைப் பிடித்தது என்று ஒருவரும் எழுத மறுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

10. ஆகவே, என்னை உடனே உள்நோயாளியாகச் சேர்த்து மறு அறுவை செய்யவும், இந்த மருத்துவமனையில் இயலாதெனில் சேலத்திலோ சென்னையிலோ உள்ள பெரிய மருத்துவமனைக்கு எழுத்துமூலம் அனுப்பிவைக்கவும், என் பதிவைத் திருத்தவும், காணாமற்போன எக்ஸ்ரே பற்றி விசாரிக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். காலை எடுப்பது தவிர வழியில்லை என்றால் அதையும் என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். கையொப்பமிட நான் பின்வாங்க மாட்டேன்.

முகாம் டாக்டர் ஒரு மாதம் என்றார். இன்றோடு பதினொரு நாட்கள் போய்விட்டன. மனு தங்கள் மேசைக்கு வந்துசேர ஆகும் நாட்களையும் கழித்துக்கொண்டு, மீதியுள்ள நாட்களுக்குள் முடிவெடுக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சின்னப்பன் கொட்டாய்
நாள்: 19.3.1987

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ச. ஞானமேரி

இணைப்பு: வீட்டுக்கு அனுப்பியபோது தந்த சீட்டின் நகல், முகாம் டாக்டரின் குறிப்பு நகல், மருத்துவமனை விவரத்தாள்.