பாஸ் மதி

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில், பிறகு தூறல், பிறகு மறுபடி வெயில். கொட்டாஞ்சேனையிலிருந்து நுகேகொடைக்கு இரண்டு பஸ். மடியில் மண்டலின், பழைய பெட்ஷீட்டில் சுற்றி. அதன் பூசணிக்காய் முதுகு மட்டும் உருண்டையாய்த் தெரிந்தது. பக்கத்து சீட் அம்மா மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை நித்திரையா?" ஓம் என்றேன். காலை ஒதுக்கி இடம் விட்டார். இறங்கும்வரை பெட்ஷீட்டைத் தட்டிக்கொண்டே வந்தேன், வேறு வழியில்லை.

அப்பா ஹார்பரில் வேலை செய்த காலத்தில் ஓர் இத்தாலிக் கப்பல்காரனிடம் வாங்கியது. என்னைவிட வயது கூட, என்னைவிட வடிவு. சத்தம்தான் இல்லை. போர்வைக்குள் இருந்து கதைக்கிற மாதிரி. கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்லி வந்த காரணம்: கடல் காற்று, பலகை ஈரம் இழுத்துவிட்டது.

பழுது பார்க்கிற தச்சர் சுனில் பாஸ் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்; இங்கே கைவேலைக்காரருக்கெல்லாம் பெயர் பாஸ். வெள்ளவத்தைத் தளபாடக் கடையில் முன்பு வேலை செய்தவர், தமிழ் ஓரளவு வரும், ஐயா என்பதற்கு மட்டும் சிங்களத்து மஹத்தயாதான். "மஹத்தயா, மேல் பலகை கழட்டணும். உள்ளுக்குப் புதுச் சட்டம். கழுத்தும் வளைஞ்சு இருக்கு."

கழட்டணும் என்றதும் பெட்ஷீட்டை எடுத்து மறுபடி சுற்றப் போனேன், பிறகு நிறுத்தினேன். சரி என்றேன்.

எல்லாம் மகள் டிலானியின் ஒரு சொல்லால் வந்தது. செப். 13 அவளுக்கும் ஜெரோமுக்கும் கலியாணம். கோயில் இங்கே, ஹோல் வெள்ளவத்தையில். அவள் ஹோலுக்குள் வரும்போது நித்திரைப் பாட்டை வாசிக்கிறேன் என்றேன். அவள் கைக்குழந்தையாய் இருந்தபோது நானே கட்டிய மெட்டு, வேறு பெயர் கிடையாது. அதற்கு அவள்: "ஜெரோமின்ட தம்பி கீபோர்ட் வாசிக்கிறான்தானே அப்பா. நீங்க கோட் போட்டுட்டு சும்மா இருங்க. உங்கட மண்டலின் அந்த ஹோலுக்குக் கேக்காது."

கேக்காதாம். கேட்க வைத்துக் காட்டுகிறேன். அவளுக்குச் சொல்லவில்லை, திடீரென்று எடுத்து வாசிப்பதாக யோசனை.

பிலோவுக்கு மட்டும் சொன்னேன். "திறக்கப் போறாங்களா? உள்ளுக்கா?" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். கறி பாதி வெந்தபடி. மனைவிகளை விளங்குவது கஷ்டம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

புழுக்கம். கோட் அளவு. தையல்காரர்: "அண்ணே, வயித்தை உள்ளுக்கு இழுங்க." இழுத்துத்தான் நின்றேன் என்று சொல்ல வெட்கம்.

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நான் வேலை செய்யும் ஹாட்வெயார் கடையில் டேப் அளவுகோலை இழுத்து வைத்து விரலால் மீட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி: "அந்தோனி, கஸ்டமர் ஆணி கேக்கிறார், கச்சேரி இல்ல."

வாங்க: சப்பாத்து லேஸ் (கறுப்பு). பிலோவுக்கு சேஃப்டி பின். இருமல் மருந்து. அழைப்பிதழ் மேல்வீட்டு டீச்சருக்கு இன்னும் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

வட்ஸ்அப்பில் படம். மேல் பலகை தனியே, உடம்பு தனியே, தேங்காயை உடைத்து வைத்த மாதிரி. கண்டதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது படத்தில் வயிற்றுக்குள் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை. கூடவே சுனில் பாஸின் (இனி சு.பா.) குரல்: "மஹத்தயா, மே மொகத? என்ன இது? எலியா?"

பிலோவிடம் காட்டினேன். கண்ணாடி தேடினாள். கண்ணாடி தலையில்தான் இருந்தது.

"எலியாத்தான் இருக்கும்."

படத்தைப் பெரிதாக்கினேன், உருண்டையின் ஓரத்தில் சின்ன லேஸ் மடிப்பு. "எலிக்கு ரேந்தை வச்சுத் தைக்கிறதில்ல, பிலோ."

முதலில் சிரித்தாள். பிறகு வந்தது முழுக்கதை. "நீங்க பிள்ளையை நித்திரையாக்குறன் எண்டு வாசிப்பீங்க. அவள் திடுக்கிட்டு எழும்புவாள். நீங்க வேலைக்குப் போயிடுவீங்க. தூக்கிக்கொண்டு திரியிறது ஆரு? நான். அவளின்ட ஒத்தைச் சொக்ஸ் ஒண்டு கிடந்தது. ஓட்டைக்குள்ள விட்டன். அதுக்குப் பிறகு நித்திரை கொண்டாள்."

"பிறகு எடுத்திருக்கலாமே!"

"எடுக்கப் பார்த்தன், வரல்ல. அக்கம்பக்கத்தாரும் நிம்மதியா இருந்தாங்க. விட்டுட்டன்."

கடல் காற்று. எத்தனை பேருக்கு விளக்கம் கொடுத்திருப்பேன்!

சு.பா.வுக்குப் போன்: எலி இல்லை, எறிய வேண்டாம், எடுத்து வையுங்கள். சொக்ஸ் மட்டுமா காரணம் என்று கேட்டேன். பாதி சொக்ஸ், பாதி சட்டம் என்றார். இரண்டு சட்டம் கழன்று கிடந்ததாம். கொஞ்சம் ஆறுதல்.

ஆகஸ்ட் 20, புதன்

போனில் வீடியோக்கள் பார்த்ததில் அறிவு கூடிவிட்டது. பழைய மண்டலின்களுக்குக் கீறல் சத்தம்தான் வருமாம், அடிக்குரல் குறைவாம். அடிக்குரலுக்கு இங்கிலீஷில் B-A-S-S. சட்டம் ஒட்டுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று, குசினியில் நின்றபடியே என் சிங்களத்தில் போன் பண்ணினேன். சிங்களத்தில் மதி என்றால் போதாது என்று அர்த்தம். "பாஸ் மதி," என்றேன். விளங்கவில்லையோ என்று இன்னும் உரக்க: "பாஸ் மதி!"

அந்தப் பக்கம் ஏதோ கீழே வைத்த சத்தம். பிறகு "ஹரி மஹத்தயா" என்று சரி சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பினால் பிலோ அகப்பையோடு நிற்கிறாள். "பாஸ்மதியா? ஹோலுக்கு சம்பா எண்டுதானே சொன்னது? ஆரு மாத்தினது? ஜெரோமின்ட அம்மாவா?" நான் வாய் திறப்பதற்குள் வெள்ளவத்தைக்குப் போன் எடுத்துவிட்டாள். சம்பந்தி அம்மா பெருந்தன்மையாக, "நாங்க கேக்கவே இல்ல, ஆனா உங்களுக்கு விருப்பம் எண்டா நல்லம்தான்" என்றாராம்.

இப்போது பிரியாணி பாஸ்மதியில்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மழை. சு.பா. போன் எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினால் நீலக் கோடு மட்டும் விழுகிறது. என்ன பிழை செய்தேன்? மண்டலின் அங்கே வயிறு திறந்து கிடக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை (இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன், ஆனால் ருசி தெரியவில்லை).

ஆகஸ்ட் 25, திங்கள்

பின்னேரம் படிக்கட்டில் நின்று வொய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். "பாஸ், கோபிக்க வேணாம், ஆனா பாஸ் மதிதானே..." டிலானி வேலையால் வந்து பின்னால் நிற்பது தெரியாது.

"ஆரை அப்பா திட்டுறீங்க?"

"திட்டல்ல. பாஸ் குறைவு, கூட்டச் சொல்றன். சத்தம், கீழ்ச் சத்தம்."

கைப்பையைப் படியில் வைத்தாள். "அப்பா, அது பேஸ். பேஸ்! பாஸ் எண்டா அந்த மனுஷன். நீங்க அவருக்கே போன் பண்ணி, பாஸ் காணாது, உன்ட வேலை போதாது எண்டு சொல்லியிருக்கீங்க."

கையில் போன். மெசேஜ் போய்விட்டது.

படியில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எந்த பாஸ்? மண்டலின் எங்க?"

சொன்னேன். எல்லாம் இல்லை, சொக்ஸை விட்டுவிட்டு. ஹோலுக்குக் கேக்கிற மாதிரிச் செய்யக் கொடுத்திருக்கிறது என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கோபமா? பிலோவைக் கேட்டால், "நீங்களே கேளுங்க" என்கிறாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கடைக்கு லீவு. காரணம்: வயிற்றுக்கோளாறு. பொய்யும் இல்லை. பிலோ செய்த லவ் கேக்கோடு நுகேகொடை. வழியெல்லாம் "பேஸ், பேஸ்" என்று சொல்லிப் பழகினேன். கண்டக்டர் என்னைத் தாண்டும்போது வேகமாகத் தாண்டினார்.

சு.பா. சீவுளி தள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "மஹத்தயா வேற பாஸிட்ட கொண்டு போங்க."

விளக்க வார்த்தை வரவில்லை. கேக்கைக் கீழே வைத்தேன். நெஞ்சில் கையை வைத்து, அடித்தொண்டையில் "ஊம்ம்ம்" என்றேன். மாடு கத்துவது போல. இன்னொரு தரம். "இது. இது காணாது. பேஸ். நீங்க இல்ல."

சீவுளி நின்றது. "பேஸ்?"

"பேஸ்."

சிரித்தார் பாருங்கள், பலகைத் தூசியில் இருமல் வந்து நானே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். "நான் வீட்டுல சொன்னேன் மஹத்தயா, ஒரு தமிழ் ஐயா வந்து முப்பது வருஷ வேலையை ரெண்டு சொல்லுல முடிச்சுட்டார் எண்டு." உள்ளேயிருந்து அவர் மனைவி: "பாஸ் மதி தமய்!" போதாதுதான் என்று அவரும் சாட்சி. அந்த வீட்டில் இனி அந்த மனுஷனுக்கு அதுதான் பெயர்.

சட்டம் இன்னும் ஒட்டவில்லை, கோபத்தில் தொடாமல் வைத்திருக்கிறார். நல்ல காலம். கொஞ்சம் மெல்லிசாகச் சீவினால் அடிக்குரல் வரும் என்றார். கடையிலிருந்து ஒரு டின் பசை கொண்டு போயிருந்தேன், உதவியாக. திருப்பித் தந்தார். அது குழாய் ஒட்டுவதற்காம்.

சொக்ஸையும் தந்தார், சின்னப் பொலித்தீன் பையில்.

செப். 4, வியாழன்

காற்று. மண்டலின் வீட்டுக்கு வந்தது. பட்டறையில் ஒரு தந்தியைத் தொட்டேன், பக்கத்து சலூன்காரன் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தான். இதுவா இவ்வளவு நாளும் அந்தப் பூசணிக்காய்க்குள் கிடந்தது!

வீட்டில் நித்திரைப் பாட்டு. முதல் வரி: ராஜா மாதிரி. இரண்டாவது: அதுவும். மூன்றாவது வரியில் என் சுண்டுவிரல் எப்போதும் பக்கத்துத் தந்திக்குப் போகும். இதுவரை எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இப்போது மேல்வீட்டு டீச்சர் பல்கனியிலிருந்து: "அந்த மூணாவது வரியைத் திருப்பி ஒருக்கா வாசியுங்கோ, வரும்!"

பிலோ சோற்றை வடித்துக்கொண்டே: "இவ்வளவு காலமும் இந்த லேனைக் காப்பாத்தினது நான்."

செப். 9, செவ்வாய்

வரவில்லை. காலை, மாலை, கடையில் டேப் அளவுகோலிலும். ஆணிப் பெட்டி தூக்கிய விரல் இனி எங்கே மெலியப் போகிறது? சத்தம் இல்லாதபோது மண்டலின் பிழை. சத்தம் வந்ததும் ஆள் பிழை. பாஸ் மதி என்பது சரிதான், பாஸ் நான்தான்.

இரவுச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். "கீபோர்டே இருக்கட்டும் மகள். நான் கோட் போட்டுட்டு இருக்கிறன்."

டிலானி கரண்டியை வைத்தாள். "அதுக்கா நுகேகொடைக்கு அலைஞ்சீங்க?"

"மூணாவது வரி வருதில்ல."

"அது எப்பவும் வராதுதானே." பிறகு பிலோவைப் பார்த்து, என்னைப் பார்க்காமல்: "கேக்காது எண்டு நான் சொன்னது பொய், அப்பா. அந்தப் பாட்டை அங்க வாசிச்சா நான் அழுதிடுவன். அவ்வளவு சனத்துக்கு முன்னால. மேக்கப் வழிஞ்சு, போட்டோவெல்லாம் பேய் மாதிரி."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே. மண்டலினைப் பிளந்து போட்டனே!"

"சொல்லியிருந்தா நீங்க அழுதிருப்பீங்க."

பருப்பைப் போட்டுக்கொண்டேன்.

செப். 12, வெள்ளி

ஓட்டம். பூ, ஹோல், கார், கேக் பெட்டி. வீடு முழுக்க ஆட்கள், ஒரு கதிரை கிடையாது. மண்டலின் அலுமாரிக்கு மேலே. ஒருவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சொக்ஸை பிலோ கழுவிக் காயவைத்திருக்கிறாள். கோட் பொக்கெட்டில் வைத்தேன், எதற்கென்று தெரியாது.

செப். 13, சனி

மந்தாரம். விடிந்து கொஞ்ச நேரம். கார் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

கோட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிலானி தலையில் ரோலரோடு வந்து நிலத்தில் உட்கார்ந்தாள். "இப்ப வாசிங்க அப்பா. மேக்கப்புக்கு முதல்."

எடுத்தேன். வாசித்தேன். லேன் முழுக்கக் கேட்டிருக்கும். மூன்றாவது வரியில் வழமை போல. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. டிலானி அழுதாள். பிலோ யன்னலுக்குப் போய்விட்டாள். என்னைப் பற்றி எழுதத் தேவையில்லை.

அப்போது பார்த்து பியூட்டிஷியன். "ஐயோ, ஆரு இந்தப் பிள்ளையை அழ வச்சது? கண் வீங்கியிருக்கு. ஐஸ் கொண்டு வாங்க, கெதியா!" பிரிட்ஜில் கேக்குக்கு இடம் விட்டு ஐஸ் தட்டை எடுத்துவிட்டார்கள். மேலே கோட்டும் இடுப்பில் இன்னும் மாற்றாத வீட்டுச் சாரமுமாகச் சந்திக்கு ஓடினேன். மீன்காரன்: "கலியாண வீட்டுக்கு என்ன மீன் அண்ணே?" "மீன் வேணாம் தம்பி, ஐஸ்." ஒருமாதிரிப் பார்த்துவிட்டு உடைத்துத் தந்தான். மீன் வாடை போகக் கழுவினேன், திரும்பவும் கழுவினேன். சுற்ற ஒரு துணி அகப்படவில்லை, எல்லாம் அயர்ன் பண்ணி அடுக்கியவை, தொட்டால் கொலை விழும்.

பொக்கெட்டில் சொக்ஸ் இருந்தது. இரண்டு துண்டு ஐஸ், அளவெடுத்த மாதிரி உள்ளே போனது.

டிலானி அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "என்ன அப்பா இது, இவ்வளவு சின்னதா, ரேந்தையெல்லாம் வச்சு?"

நானும் பிலோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எலி," என்றேன்.

கார் ஹோர்ன் அடிக்கிறது. நான் இன்னும் சாரத்தோடுதான்